மொன்றியல் அடுக்ககத்தில் வண்ணச் சிலந்தி: முதன்முறை வளர்ப்போருக்கான டரான்டுலாத் தேர்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகள் தெரஃபோசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை மண்ணின் நிறம் கொண்டவை. நீலம், செம்மஞ்சள், பச்சை என்று கண்ணைப் பறிப்பவை கொஞ்சம்தான். ஆனால் வளர்ப்புச் சந்தை அந்தக் கொஞ்சத்தைச் சுற்றியே இயங்குகிறது. முதன்முதலாக ஒன்றை வாங்க நினைப்பவர் படத்தைப் பார்த்து நிறத்தில் மயங்கி, அதன் பிறகே பெயரைக் கேட்கிறார்.

அனுபவமுள்ள வளர்ப்போர் இவருக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரை, நிறத்தை மறந்துவிட்டு மத்திய அமெரிக்காவின் சுருள்முடிச் சிலந்தியான டிலில்டோகாட்டல் அல்போபிலோசஸில் தொடங்குங்கள் என்பது. அது சாதுவானது, எதையும் தாங்கும், பழுப்பு நிறம். அறிவுரையில் பிழையில்லை. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. மனம் விரும்பாத ஒன்றை வாங்கிப் பதினைந்து, இருபது ஆண்டு பேணுவது பெரும்பாலும் நடக்காத காரியம். நிற ஆசையை மறுக்காமலே பாதுகாப்பான தேர்வு ஒன்றுக்கு வர முடியும். அதற்கு நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். சிலந்தியின் தற்காப்பு முறை, அது வந்த வழி, அது வாழப்போகும் வீட்டின் காற்று ஆகிய மூன்றும் முன்னால் வர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வீடு என்று இங்கே சொல்வது மொன்றியல் நகரின் வாடகை அடுக்ககத்தை. கணுக்காலிகளை வெறுப்பில்லாமல் பார்க்கப் பழகிய நகரம் அது. பூச்சி சேகரித்த நோட்டரி ஜார்ஜ் புரோசாரின் முயற்சியால் 1990இல் தாவரவியல் பூங்காவில் பூச்சியகம் திறக்கப்பட்டது. அது புதுப்பிக்கப்பட்டு 2022 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ஈழத்திலிருந்து வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் வாழும் நகரமும் அதுவே. அவர்கள் விட்டுவந்த நிலத்தின் சிலந்திகள் இன்று உலகச் சந்தையில் விலைபோகின்றன என்பதால் அந்தத் தொடர்பையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. நிறத்தின் இயல்பு

டரான்டுலாவின் நீலம் சாயத்தால் வருவதன்று. அதன் ரோமங்களில் உள்ள நுண்ணிய கட்டமைப்புகள் ஒளியில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல அலைகளைத் தேர்ந்து திருப்பி அனுப்புகின்றன. 2015இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான ஆய்வு, இந்த நீலம் டரான்டுலாக் குடும்பத்தில் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று காட்டியது. இரவில் நடமாடும், பார்வை மங்கிய உயிருக்கு எட்டு முறை நீலம் எதற்கு? துணையைக் கவர அன்று என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். 2020இல் வந்த மற்றோர் ஆய்வு, நிறம் காண உதவும் புரதங்களின் மரபணுக்கள் டரான்டுலாக்களில் செயல்படுகின்றன என்று கூறி அந்தக் கேள்வியை மறுபடி திறந்துவிட்டது.

வாங்குபவருக்கு இதனால் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கட்டமைப்பால் வரும் நிறம் ஒளியை நம்பியது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் மின்னும் நீலம், வரவேற்பறையின் மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் கரும்பழுப்பாகத் தெரியும். விற்பனைப் படம் ஃபிளாஷில் எடுத்தது. உங்கள் மாலை நேரமோ விளக்கில் கழிவது. தோலுரித்த சில வாரங்களுக்கு நிறம் உச்சத்தில் இருக்கும், அடுத்த உரிப்பு நெருங்க நெருங்க மங்கும். வயதும் நிறத்தை மாற்றும். மார்ட்டினிக் தீவின் கரிபேனா வெர்சிகலர் குஞ்சாக இருக்கும்போது முழு நீலம். வளர்ந்தபின் முதுகோடு பச்சையாகவும் வயிறு சிவப்பாகவும் மாறிவிடும். நீலக் குஞ்சை வாங்கியவர் நீலச் சிலந்தியை வாங்கியதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

3. சுணையும் நஞ்சும்

வளர்ப்போர் டரான்டுலாக்களைப் புதிய உலகம், பழைய உலகம் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். புதிய உலகம் என்பது வட, தென் அமெரிக்கக் கண்டங்களும் கரிபியனும். ஆசியா, ஆப்பிரிக்கா முதலியவை பழைய உலகம். பூகோளப் பிரிவாகத் தோன்றினாலும் இது தற்காப்பு முறையைச் சார்ந்தது.

அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் சுணை உண்டு. மிரட்டப்பட்டால் பின்கால்களால் வயிற்றைத் தேய்த்து அதைக் காற்றில் பறக்கவிடும். கம்பளிப்பூச்சி பட்ட இடம் அரிப்பது போலவே இதுவும் அரிக்கும், சிலருக்குத் தடித்துச் சிவக்கும். தோலில் பட்டால் தொல்லையோடு போகும், கண்ணில் பட்டால் அப்படியன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தான் வளர்த்த சிலி நாட்டு டரான்டுலாவின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் சுணை பாய்ந்தது. மருத்துவர்கள் அவருடைய கருவிழிக்குள் ரோமங்கள் பதிந்திருந்ததைக் கண்டு, 2009 இறுதியில் ‘லான்செட்’ இதழில் பதிவு செய்தார்கள். தொட்டியைத் திறக்கும்போது கண்ணாடி அணிவது, முகத்தைக் கிட்டே கொண்டு போகாதது, கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதது ஆகியவை அந்த ஒரு வழக்கிலிருந்தே கிடைக்கும் விதிகள்.

சுணை உள்ளவை கடிப்பதைக் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கும். அவற்றின் நஞ்சும் பொதுவாக மிதமானது. ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்குச் சுணை இல்லை. அவற்றுக்கு வேகமும் கடியும்தான் கதி. டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு கிடையாது. ஆனால் ‘சாவதில்லை’ என்பதும் ‘ஆபத்தில்லை’ என்பதும் வேறு வேறு. போசிலோதீரியா பேரினத்தின் கடிகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு கடும் வலியையும் உடலெங்கும் பரவும் தசைப்பிடிப்பையும் பதிவு செய்தது. கடித்துச் சில நாள் கழித்துப் பிடிப்பு திரும்ப வந்தவர்களும் உண்டு. அமெரிக்க இனமாக இருந்தும் சுணை இல்லாத சாமோபியஸ் போன்ற விதிவிலக்குகளும் இருக்கின்றன. வெனிசுவேலாவின் சாமோபியஸ் இர்மினியா கருமையில் செம்மஞ்சள் தீற்றலோடு அழகாக இருக்கும். மின்னலாக ஓடும். முதல் சிலந்தியாக அது வேண்டாம்.

4. நம் ஊர்ச் சிலந்திகள்: ஏன் வாங்கக் கூடாது

டரான்டுலா உலகில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட நீலம் நம் பக்கத்துடையது. போசிலோதீரியா மெட்டாலிகாவை ஆங்கிலேய விலங்கியலாளர் ஆர். ஐ. போக்காக் 1899இல் விவரித்தார். ஆந்திரத்தின் கூட்டி ரயில் நிலைய மரக் கிடங்கில் கிடைத்த மாதிரி அது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டார்கள். கூட்டிக்கு வந்தது ரயிலில் ஏற்றிய மரத்தோடு வந்திருக்கலாம் என்பது பொதுக் கருத்து. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது. அந்தச் சிறு காட்டுப் பரப்பில் மட்டுமே அது வாழ்வதாக அப்போது கருதினார்கள்.

போசிலோதீரியா பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லை. ஈழத்தில் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். அதே 1899இல் போக்காக் விவரித்த ரெகாலிஸ் இனத்தின் மாதிரி அரக்கோணத்தில் கிடைத்தது. 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்த ஹனுமவிலாசுமிகா, ராமேசுவரத்து அனுமன் கோவில் ஒன்றின் பெயரைத் தாங்கியது. பின்னர் மன்னார்ப் பகுதியிலும் அதைக் கண்டார்கள். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே சிலந்தி. வன்னியின் மாங்குளம் பகுதியில் 2009இல் தெரியவந்த ராஜாயி இனம், கால் விரிவு 20 சென்டிமீட்டர் வரை வளர்வது, 2012இல் அறிவியல் பெயர் பெற்றது. வடக்கில் ஆய்வுக் குழுவுக்குத் துணைநின்ற காவல்துறை ஆய்வாளர் ஒருவரின் பெயரே அதற்கு. பழைய மரங்கள் அழியும்போது இச்சிலந்திகள் கட்டடங்களுக்குள் நுழைகின்றன. மாங்குளத்துச் சிலந்தி பழைய மருத்துவமனை விடுதியிலும் இருந்தது.

மொன்றியல் தமிழர் ஒருவருக்கு ‘எங்கள் ஊர்ச் சிலந்தி’ என்ற ஈர்ப்பு எழுவது இயல்பே. அந்த ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று மேலே சொன்ன நஞ்சும் வேகமும். மற்றது சட்டம். இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடி, போசிலோதீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கா அதற்கு முன்பே, 2018இல், இலங்கையின் ஐந்து இனங்களைத் தன் அருகிய உயிரினச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்திருந்தது. எல்லை ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கும் நகரத்தில் இது ஏட்டுச் செய்தி அன்று. ஏற்றுமதி அனுமதி இல்லாமல் பட்டியலிட்ட உயிரைக் கனடாவுக்குள் கொண்டுவருவது கூட்டரசின் சட்டப்படி குற்றம். பிற நாட்டுச் சட்டத்தை மீறி அங்கிருந்து எடுத்து வந்ததும் இங்கே குற்றமே. விடுமுறைக்கு ஊர் போய் டப்பாவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரும்புவது குறும்பு அல்ல, கடத்தல்.

வளர்ப்பகத்தில் பிறந்த மெட்டாலிகா கனடாவிலேயே கிடைக்கலாமே என்று கேட்கலாம். ஆவணம் ஒழுங்காக இருந்தால் சட்டத் தடை நீங்கும், நஞ்சுத் தடை நீங்காது. சில ஆண்டு அனுபவம் பெற்றவர் பிறகு முடிவு செய்யட்டும்.

நிற வேட்டை காட்டை எப்படித் தொடுகிறது என்பதற்கு அண்மைச் சான்று பொர்னியோவிலிருந்து வருகிறது. சராவாக்கின் மின்னீலக் கால்கொண்ட பைரூபெஸ் இனத்தை 2019இல் ஐரோப்பாவில் வைத்து விவரித்தார்கள். அந்த மாதிரிகள் அனுமதியின்றிக் கடத்தப்பட்டவை என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. 2010 டிசம்பரில் நூற்றுக்கணக்கான டரான்டுலாக்களைத் தபாலில் அனுப்பிய ஜெர்மானியர் ஒருவரை லாஸ் ஏஞ்சலிஸில் கைது செய்தார்கள். மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி 1985இலேயே சைட்டிஸ் பட்டியலில் ஏறியதற்கும் வளர்ப்புச் சந்தையே காரணம். எனவே ‘வளர்ப்பில் பிறந்ததா?’ என்ற கேள்வியை விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டும்.

5. மொன்றியல் வீட்டின் காற்று

சனவரியில் மொன்றியலின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 9, 10 பாகை. உள்ளே சூடேற்றிய அறை 20 முதல் 23 பாகை வரை இருக்கும். பெரும்பாலான டரான்டுலாக்களுக்கு அது போதும், தனியாகச் சூடாக்கும் விளக்கோ பாயோ தேவையில்லை. சூட்டு விளக்கு வாங்கச் சொல்லும் கடைக்காரரைவிட, தேவையில்லை என்பவரே விஷயம் அறிந்தவர். சிக்கல் சூட்டில் இல்லை, வறட்சியில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சுவரடி மின்சூடாக்கிகள் ஓடும்போது வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

இந்த ஒரு காரணம் இனத் தேர்வைப் புரட்டிப் போடுகிறது. மழைக்காட்டு மரத்தில் வாழும் வெர்சிகலருக்கு ஈரமும் காற்றோட்டமும் ஒரே நேரத்தில் வேண்டும். மொன்றியல் குளிர்காலத்தில் ஈரம் தங்கவில்லையே என்று புதியவர் காற்றுத் துளைகளை அடைக்கிறார். உள்ளே காற்று புழுங்கிப் பூஞ்சை பிடிக்கிறது, குஞ்சு சாகிறது. துளையைத் திறந்தாலோ ஈரம் போய்விடுகிறது. அனுபவமுள்ளவர் நீர்க்கிண்ணத்தாலும் மூலையை மட்டும் நனைப்பதாலும் சமாளிப்பார். முதல் குளிர்காலத்தில் அந்தக் கணக்கு பிடிபடாது. இதற்கு மாறாக வறண்ட நிலத்து இனங்களுக்கு இந்தக் காற்று ஏறத்தாழ ஊர்க் காற்று. ஒரு நீர்க்கிண்ணம் எப்போதும் நிறைந்திருந்தால் போதும்.

மின்சாரம் போவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1998 சனவரியின் பனிமழைப் புயலில் நகரும் தென்கரையும் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், இருளில் கிடந்தன. 2023 ஏப்ரலிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரோ-கியூபெக் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. அந்த நேரத்தில் சிலந்தியைக் காற்றுத்துளையுள்ள சிறு டப்பாவுக்கு மாற்றி, தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் ஓரிரு இரவு தாங்கும்.

வாடகை வீட்டுக்கு உரிய இடர்கள் வேறு. கியூபெக்கில் ஒப்பந்தத்தில் விலங்கு கூடாது என்ற விதியை வீட்டுக்காரர் சேர்க்கலாம். வாங்கும் முன் அதை வாசியுங்கள். நகரின் விலங்கு விதிகளை நகராட்சியின் 311 தொலைபேசி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 1 நகரமே வீடு மாறும் நாள். அன்று சிலந்தியைத் தொட்டியோடு தூக்கக் கூடாது. ஈரக் காகிதம் விரித்த சிறு டப்பாவில் வைத்து, லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டு போக வேண்டும். இதைவிடப் பெரிய இடர் பூச்சி மருந்து. மூட்டைப்பூச்சிக்கோ கரப்பானுக்கோ கட்டடம் முழுக்க மருந்தடிக்கும் அறிவிப்பு கதவில் ஒட்டியிருந்தால், சிலந்தி அன்றே வேறு வீட்டுக்குப் போக வேண்டும். கரப்பானைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். நம் வீடுகளில் கொசுவர்த்தியும் கரப்பான் ஸ்ப்ரேயும் சாம்பிராணிப் புகையும் உண்டு. சிலந்தி இருக்கும் அறையில் முதல் இரண்டும் கூடவே கூடாது. சாம்பிராணியை வேறு அறையில் போட்டுக்கொள்ளலாம்.

6. இனங்களை எடைபோடல்

இனி நிறத்துக்கு வரலாம். ஆரஞ்சு பபூன் எனப்படும் ஆப்பிரிக்காவின் டெரினோகிலஸ் மியூரினஸ் மலிவாகக் கிடைக்கும், தீயின் நிறம். சீண்டினால் ஓடாது, எதிர்த்து நிற்கும். புதியவரைக் கவர்ந்து மாட்டிவிடும் இனம் இதுதான். பர்மா, தாய்லாந்துப் பகுதியின் கோபால்ட் நீலம் வளைக்குள்ளேயே கிடப்பது, எப்போதாவது வெளியே வந்தாலும் கோபத்தோடு வருவது. மண் நிரப்பிய தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க எவ்வளவு காலம் பொறுமை இருக்கும்? சொகோத்ராத் தீவின் நீலக்கால் மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபூரி கூட்டமாக வாழும் அதிசயம். ஆனால் அதுவும் பழைய உலகத்தது.

எஞ்சுபவை இரண்டு. முதலாவது வளர்ப்போர் ஜிபிபி என்று சுருக்கி அழைக்கும் குரோமடோபெல்மா சயனியோபியூபசென்ஸ். பச்சை முதுகோடு, நீலக் கால்கள், செம்மஞ்சள் வயிறு. மூன்று நிறமும் ஒரே உடலில் இருக்க, மேலே சொன்ன மற்றவற்றில் எதையும் தேட வேண்டியதில்லை. வெனிசுவேலாவின் வறண்ட பராகுவானா தீபகற்பத்தில் கள்ளியும் முட்புதரும் அதன் வீடு. எனவே மொன்றியல் குளிர்காலம் அதற்கு இடைஞ்சல் இல்லை. வலையை அடர்த்தியாகப் பின்னி அதன்மேல் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும். நன்றாகச் சாப்பிடும். பெண் பத்தாண்டுக்கு மேல் வாழும். குறை ஒன்று: பயந்த சுபாவம். தொட்டியைத் திறந்ததும் பாய்ந்து வலைக்குள் ஓடும், சுணையும் உதறும். கையில் ஏந்திக் காட்ட நினைப்பவருக்கு இது ஆகாது. ஆனால் டரான்டுலாவைக் கையில் ஏந்தவே கூடாது என்பதே என் நிலை. கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்துச் சாகும்.

இரண்டாவது மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி. கருங்கால்களில் செம்மஞ்சள் முட்டிகள். பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் பல்லாண்டு விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்பது 2017இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் இரு இனத்தையும் தெளிவாகப் பிரித்தபோது தெரிந்தது. இதுவும் வறட்சியைத் தாங்கும், நிதானமானது, வளர்ச்சி மிக மெதுவானது. பெண் இருபதாண்டைத் தாண்டும். பள்ளிக்குப் போகும் மகனுக்கு வாங்கினால் அவன் பட்டம் பெற்று வேறு நகரம் போனபின் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது பெற்றோர்தாம். நீலம்தான் வேண்டும் என்பவருக்கு ஜிபிபி. நிறம் கொஞ்சம் குறைந்தாலும் அமைதி வேண்டும் என்பவருக்கு ஹமோரி.

7. வாங்குதலும் முதல் மாதங்களும்

கியூபெக்கில் கடைப் பலகையில் டரான்டுலாவைப் பிரெஞ்சில் ‘மிகால்’ என்று எழுதியிருக்கும். பெயர்ச்சீட்டில் அறிவியல் பெயர் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், ஏனென்றால் ஒரே வழக்குப்பெயரில் இரண்டு மூன்று இனங்கள் விலைபோகும். நகத்தளவு குஞ்சு மலிவு. ஆனால் ஒரு வார வறட்சியில் காய்ந்து போகும், ஆணா பெண்ணா என்றும் தெரியாது. 4, 5 சென்டிமீட்டர் கால் விரிவுள்ள இளஞ்சிலந்தியே முதல்முறை வாங்குவோருக்கு ஏற்றது. பெரிதாகவும் மலிவாகவும் ஒன்று கிடைத்தால் முன்கால்களின் உட்புறத்தில் கொக்கி இருக்கிறதா, உணர்கால் நுனி உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முதிர்ந்த ஆண். அதன் ஆயுள் மாதங்களில் முடியும்.

தொட்டி அகலமாக இருக்கட்டும், உயரம் வேண்டாம். அடியில் போட வளர்ப்போர் பயன்படுத்துவது தென்னை நார்த்தூள் கட்டி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வந்து மொன்றியல் கடையில் விற்பது அது. நம் ஊரிலிருந்து வந்ததென்று சொல்லிக்கொள்ள அதுவே போதும். ஜிபிபிக்கு நார்த்தூள் காய்ந்தே இருக்கலாம். வலை கட்ட ஓரிரு மரத்துண்டு வேண்டும். உணவுக்கு வாரம் ஒரு கிரிக்கெட் பூச்சி போதும்.

சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம். தோலுரிக்குமுன் வாரக்கணக்கில், வளர்ந்தவை மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். பிறகு ஒருநாள் மல்லாந்து கால்களை விரித்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தவர்கள் உண்டு. அது சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது தொடக் கூடாது. உள்ளே உயிருள்ள பூச்சி இருந்தால் எடுத்துவிட வேண்டும், மென்மையான புதுத் தோலை அது கடித்துவிடும். கழற்றிய சட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஆணா பெண்ணா என்பதை அனுபவமுள்ளவர் அதன் வயிற்றுப் பகுதியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கடியோ கண்ணில் சுணையோ நேர்ந்தால் கியூபெக் நச்சுத் தகவல் மையத்தை அழைத்து இனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர்ச்சீட்டைத் தொட்டியிலேயே ஒட்டி வைப்பது அதற்காகத்தான்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தபாலில் வரவழைக்க வேண்டாம். வெப்பப் பொதி வைத்தாலும் வாசலில் ஒரு மணிநேரம் கிடந்தால் போதும், சிலந்தி செத்துவிடும். வீடு மாறும் எண்ணம் இருந்தால் ஜூலை 1 கழியட்டும். மொன்றியலில் முதல் வண்ணச் சிலந்தி வாங்குபவருக்கு என் தீர்ப்பு இது: ஜூலை நடுவிலிருந்து செப்டெம்பருக்குள், வளர்ப்பில் பிறந்த ஓர் இளம் ஜிபிபியை நேரில் பார்த்து வாங்குங்கள்.